ஆட்கொணர்வு எழுத்தாணையும் மலையக மக்களும்

(அட்டன் நகரில், தோட்டத் தொழிலாளரும் மரக்கறிச் செய்கையாளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் காணியைப் பற்றியும் இந்த அட்டன் நகரிலே எத்தனையோ கூட்டங்கள் நடந்துள்ளன, இனியும் நடக்கும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவை எல்லாவற்றுக்கும் அடியிலே கிடப்பது. ஒரு மனிதனின் உடல் அவனுக்குச் சொந்தமா, அன்றி அவனைப் பிடித்துச் செல்லும் அதிகாரிக்குச் சொந்தமா என்பதே அக்கேள்வி. லயத்திலே உறங்கிக்கொண்டிருந்த மகனை நள்ளிரவிலே ஜீப்பில் ஏற்றிச் சென்றுவிட்டால், எங்கே கொண்டு போனீர்கள், ஏன் கொண்டு போனீர்கள் என்று கேட்பதற்குப் பெற்ற தாய்க்கு ஒரு வழி வேண்டும். அந்த வழிக்குச் சட்டத்திலே பெயர் உண்டு. இலத்தீனிலே ஹேபியஸ் கோர்பஸ் என்பர். ஆட்கொணர்வு எழுத்தாணை என்று தமிழிலே வழங்குகிறோம். “நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை என் முன் கொண்டுவா, எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறாய் என்று காரணம் கூறு” என நீதிமன்றம் இடும் கட்டளை அது.

வழி இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அவ்வழியிலே நமது மக்கள் நடந்து செல்ல முடிகிறதா என்பதையே இன்று நாம் ஆராய வேண்டும்.

எழுத்தாணை வந்த வழி

இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1679 ஆம் ஆண்டிலே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றிற்று. இலங்கையிலே 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் இவ்வதிகாரத்தை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. இன்று 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரை அதனை மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் வைத்திருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம், மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுத்தது.

இந்த எழுத்தாணை பிரசைகளுக்கு மட்டும் உரியதன்று. சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்ட எந்த ஆளுக்கும் அது உரியது. மலையக மக்களுக்கு இதனினும் பெரிய செய்தி வேறில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதிபாதியாகப் பிரித்தனர். நாடற்றவராய் இங்கு வாழ்ந்தோருக்குப் பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடும் சுதந்திரம் முதலியவற்றை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு 10 ஆண்டுகளுக்கு மட்டுமே அளந்து கொடுத்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கதை முடியவில்லை. வாக்கு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை என்றிருந்த அந்நாட்களிலும் ஆட்கொணர்வு எழுத்தாணை மட்டும் ஏட்டளவில் நமக்கு மூடப்படவில்லை.

மலைநாட்டிலே பிறந்த வழக்கு

இலங்கையின் மிகப் புகழ்பெற்ற ஆட்கொணர்வு வழக்கு இந்த மலைநாட்டிலேதான் பிறந்தது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். மடுல்கெலப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்திலே தேயிலைத் தொழில் பழக 1936 ஆம் ஆண்டில் வந்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர். தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையை இழந்தார். 1937 ஏப்ரல் 3 ஆந் திகதி நாவலப்பிட்டியிலே நடந்த சமசமாசக் கூட்டத்தில் மேடையேறினார். வெள்ளையனொருவன் வெள்ளைத் துரைமாரைக் கண்டிக்கத் தொழிலாளர் கேட்டு நின்றனர். தோட்டத் துரைமாருக்கு அது பொறுக்கவில்லை. கவர்னர் ஸ்டப்ஸ், 1896 ஆம் ஆண்டின் பழைய மன்றக் கட்டளையொன்றைத் தேடியெடுத்து, ஏப்ரல் 24 ஆந் திகதிக்குள் இலங்கையை விட்டு வெளியேறுமாறு அவருக்கு உத்தரவு அனுப்பினார். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை.

பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை. தலைமறைவானார், பின்பு பகிரங்கமாகத் தோன்றினார், கைது செய்யப்பட்டார். உடனே ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் ஏபிரகாம்சும் வேறு இரு நீதியரசர்களும் கேட்டு, மே 18 ஆந் திகதி தீர்ப்பளித்தனர். நெருக்கடிக் காலத்துக்கென்று கொடுக்கப்பட்ட அதிகாரத்தைச் சாதாரண காலத்தில் கவர்னர் கையாள முடியாது. அவ்வதிகாரம் எல்லை கடந்ததா என்று ஆராயும் உரிமை நீதிமன்றத்துக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து தீர்ப்பு வந்த நாள்வரை ஒரு மாதமும் செல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது. நாட்டின் தலைசிறந்த அப்புக்காத்து இருந்தார். அரசாங்க சபையிலே கவர்னரின் செயலைக் கண்டிக்கப் பெரும்பான்மை இருந்தது. அதே தோட்டத்திலே அவரோடு நின்ற ஒரு தமிழ்த் தொழிலாளியைப் பொலிசார் பிடித்திருந்தால் இவற்றில் எது அவனுக்கு இருந்திருக்கும்? 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன குற்றத்துக்காகவே தொழிலாளி மறியலுக்கு அனுப்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. துண்டு முறையும் அந்தத் தண்டனை விதிகளும் 1921, 1922 ஆம் ஆண்டுகளிலேதான் ஒழிந்தன. பாட்டன் மறியலுக்குப் பயந்து வாழ்ந்தான். பேரன் நீதிமன்றப் படியேறத் தயங்குகிறான். இத்தயக்கத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. அதற்குக் காரணங்கள் உள. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது தடை: இடம்

மாகாண மேல் நீதிமன்றம் அந்த மாகாணத்துக்குள்ளே சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவர் விடயத்திலேதான் எழுத்தாணை வழங்கலாம் என்று 154 ஆம் உறுப்புரையின் “பீ” பிரிவு கூறுகிறது. அட்டனிலே பிடித்தவனை நுவரெலியாவிலே வைத்திருந்தால் மத்திய மாகாணத்து மேல் நீதிமன்றத்தை நாடலாம். மறுநாள் கொழும்புக்குக் கொண்டு போனால் மேல் மாகாணம். அதற்கடுத்த வாரம் காலிப் பக்கத்திலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டு போனால் தென் மாகாணம். பிடிபட்டவன் நகர நகர நீதிமன்றமும் நகர்கிறது. அவன் எங்கே இருக்கிறான் என்றே அறியாத குடும்பம் எந்த வாசலைத் தட்டும்? நாடு முழுவதற்கும் அதிகாரமுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் கொழும்புப் புதுக்கடையிலே இருக்கிறது. கொழுந்து நிறுத்துப் பெயர் போட்டால்தான் அன்றைய சம்பளம் என்னும் தாய்க்கு, ஒவ்வொரு கொழும்புப் பயணமும் நாட்சம்பளத்தின் இழப்பு. ரயில் செலவு வேறு.

இரண்டாவது தடை: காலம்

ஆட்கொணர்வு மனுவுக்கு அரசியலமைப்பு கால எல்லை விதிக்கவில்லை. ஆனால் அதன் உடன்பிறப்பான அடிப்படை உரிமை மனுவுக்கு 126 ஆம் உறுப்புரை ஒரு மாதமே தருகிறது. அம்மனு உயர் நீதிமன்றத்திலே மட்டும் தாக்கல் செய்யப்படுவது. முதல் மாதத்திலே குடும்பம் என்ன செய்கிறது? பொலிசு நிலையத்துக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் தலைவர் வீட்டுக்கும் நடக்கிறது. “பொறுங்கள், விட்டுவிடுவார்கள்” என்று சொல்லக் கேட்டுப் பொறுக்கிறது. பொறுத்து முடியும்போது மாதமும் முடிந்துவிடுகிறது.

இதற்கொரு பரிகாரம் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கிலே சேராது. ஆயின் முறைப்பாட்டைக் கையளித்துவிட்டு வீட்டிலிருந்தால் போதாது. விசாரணை உண்மையாகவே நடந்துவருகிறது என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும்.

மூன்றாவது தடை: கடதாசி

மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 1990 ஆம் ஆண்டு விதிகளின்படி மனுவோடு சத்தியக்கடதாசியும் மூல ஆவணங்களும் இணைக்கப்பட வேண்டும். விதி தவறினால் மனு தள்ளப்படலாம். நமது தோட்டங்களின் நிலைமை என்ன? பிறப்புப் பத்திரத்திலே ஒரு பெயர், அடையாள அட்டையிலே இன்னொரு பெயர், தோட்டத்துப் பெயர்ப் பதிவிலே மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே தனியாகச் சத்தியக்கடதாசி வேண்டும். லயத்து வீட்டுக்கு இலக்கமுள்ள தபால் முகவரி இல்லாமையால், கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே போய்ச் சேரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நீதிமன்ற அறிவித்தல் வந்த செய்தி, தவணை கடந்த பின்னர் தாயின் காதுக்கு எட்டினால் அதற்கு யார் பொறுப்பு? நிரந்தர முகவரி கேட்டு நாம் நடத்தும் போராட்டம் வெறும் தபால் வசதிக்கான போராட்டமன்று. நீதிமன்றத்துக்குப் பாதை கேட்கும் போராட்டமுமாகும்.

நான்காவது தடை: மொழி

தமிழும் நீதிமன்ற மொழியாகலாம் என்று அரசியலமைப்புக் கூறுகிறது. நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகள் 1999 ஆம் ஆண்டிலே இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. பிரகடனம் இருக்க, பொலிசு நிலையத்திலே வாக்குமூலம் எழுதுபவரின் மொழி வேறாயிருக்கிறது. படித்தறிய முடியாத தாளிலே கையொப்பமிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சிங்கராசா வழக்கே சான்று. மட்டக்களப்பிலே 1993 இல் கைதான அவர், சிங்களத்திலே எழுதப்பட்ட குற்ற ஒப்புதலிலே பெருவிரல் அடையாளம் இட்டார். அதனை ஆதாரமாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலே அது 35 ஆயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் அவர் பக்கம் தீர்மானித்தது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்துவிட்டது.

அன்றியும், தகுதிவாய்ந்த நீதிமன்றமொன்று தண்டனை வழங்கிவிட்டால் ஆட்கொணர்வு எழுத்தாணை பொதுவாக உதவாது; மேன்முறையீடே வழி. ஆதலின் முதற் கையொப்பத்திலேயே எச்சரிக்கை வேண்டும்.

ஐந்தாவது தடை: சட்டமே சுவராதல்

“சட்டவிரோதமாக” என்ற சொல்லிலேதான் ஆட்கொணர்வு எழுத்தாணையின் உயிர் இருக்கிறது. பிடிப்பதையே சட்டபூர்வமாக்கும் சட்டமொன்று வந்துவிட்டால் நீதிபதியின் கை கட்டப்படுகிறது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டம், அமைச்சரின் கட்டளையாலே மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்க இடந்தந்தது. அக்கட்டளை இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் வினாவப்படலாகாது என்று மூலச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு எழுதிற்று. 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தம் 18 மாதத்தை 12 மாதமாகக் குறைத்தது. ஒரு கொழுந்துப் பருவமன்று, ஒரு முழு ஆண்டு! குற்றம் சாட்டாமல் ஓர் ஆண்டு மறியலிலே வைத்திருப்பதைச் சலுகை என்று கூறுவோருக்கு நாம் என்ன விடை சொல்வது?

மலையகத்துக்கு இந்தச் சட்டம் புதிதன்று. மலையக மக்கள் முன்னணியின் தலைவராயிருந்த பெ. சந்திரசேகரன் 1991 இல் கைதாகி ஆண்டுக்கணக்கில் மறியலில் இருந்தார். 1994 ஆம் ஆண்டுத் தேர்தலிலே நுவரெலியா மாவட்ட மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். தலைவருக்கு மக்கள் வாக்கு இருந்தது. பெயரறியாத இளைஞருக்கு என்ன இருந்தது? பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிலே 2000 ஒக்டோபர் 25 ஆந் திகதி, அரசாங்கத்தின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் கும்பலாலே கொல்லப்பட்டனர். காவலில் வைத்தல் என்பது வெறும் காலத்தை இழத்தல் மட்டுமன்று. உயிரையே இழத்தலாகவும் முடியலாம்.

ஆயினும் சுவரிலே விரிசல் உண்டு. 1972 இல் குணசேகர எதிர் த பொன்சேகா வழக்கிலே, மேலதிகாரி சொன்னார் என்பதற்காகத் தனக்கென்று நியாயமான சந்தேகம் இல்லாமலே கைது செய்த பொலிசு அதிகாரியின் செயல் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்த்தது. கைது செய்தவர் யார், அவர் மனத்திலே இருந்த காரணம் யாது என்று கேட்பதற்கு இடம் இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

ஆறாவது தடை: “நாங்கள் பிடிக்கவில்லை”

எல்லாவற்றிலும் கொடிய தடை இது. “அப்படியொருவரை நாங்கள் அறியோம்” என்று அதிகாரி சத்தியம் செய்துவிட்டால், எழுத்தாணை யாரிடமிருந்து யாரைக் கொண்டுவரும்? அவ்வேளையில், அண்மையிலுள்ள முதனிலை நீதிமன்றம் விசாரித்து அறிக்கை அனுப்பட்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் பணிக்கலாம். ஏழைக் குடும்பத்துக்குப் பயணம் குறையட்டும் என்ற நல்லெண்ணம் அதில் உண்டு. நடைமுறையிலோ அந்த அறிக்கைக்காக ஆண்டுகள் கழிகின்றன. இறுதி யுத்தத்தின் முடிவில் 2009 இல் இராணுவத்திடம் சரணடைந்தோர் பற்றி 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்திலே தொடுத்த ஆட்கொணர்வு வழக்குகளிலே 2022 டிசம்பரிலேதான் தீர்ப்பு வந்தது. அன்று பிரேஸ்கேர்டிலுக்கு ஒரு மாதமும் ஆகவில்லை. இவர்களுக்கோ ஒன்பது ஆண்டுகள்.

எனினும் நம்பிக்கை இழப்பதற்கில்லை. லீடா வயலட் என்னும் தென்னிலங்கைச் சிங்களத் தாய் தொடுத்த வழக்கிலே, 1994 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரியின் மறுப்பை நம்ப மறுத்து, முன்மாதிரியான செலவுத் தொகையைச் செலுத்தக் கட்டளையிட்டது. திருகோணமலையில் 1990 இல் மறைந்த இளைஞர் பற்றிய மச்சவல்லவன் வழக்கு, ஆட்கொணர்வு மனுவாகத் தொடங்கி உயர் நீதிமன்றத்தை எட்டியது. 2005 இல் உரிமை மீறல் நிகழ்ந்ததாகத் தீர்ப்பாயிற்று. ஆட்கொணர்வு விசாரணையிலே உரிமை மீறல் முதற்றோற்றத்தில் தெரிந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றமே அதனை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்னும் 126 ஆம் உறுப்புரையின் 3 ஆம் பந்தி அங்கே கைகொடுத்தது. ஒரு மாதத்தைத் தவறவிட்டவருக்கும் இவ்வாறு ஒரு பின்வாசல் உண்டு. சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் ஒரே சட்டம் உதவியதை நாம் மறக்கலாகாது.

உலகம் என்ன சொல்லுகிறது?

இத்தடைகள் இலங்கைக்கு மட்டும் உரியன அல்ல. அமெரிக்காவிலே மாநில நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட கைதி, கூட்டாட்சி நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனுச் செய்யலாம். இவ்விடயத்தில் அவர்களுடைய உரிமை நம்முடையதிலும் அகன்றது. ஆயின் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஓராண்டு எல்லை வகுத்தது. மாநிலத்து வழிகள் அனைத்தையும் முதலில் நடந்து முடிக்க வேண்டும். இரண்டாம் மனுவுக்கு மேல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வழக்கறிஞர் ஒரு தவணையைத் தவறவிட்டால் கைதியின் உண்மை கேட்கப்படாமலே போகலாம். செல்வநாடாயினும், படிவத்தாலும் தவணையாலும் ஏழையே முதலில் தடுக்கப்படுகிறான். அதே நாட்டில், குவாண்டனாமோவிலே அடைபட்ட அந்நியருக்கும் ஆட்கொணர்வு உரிமை உண்டு என்று 2008 இல் உயர்ந்த நீதிமன்றம் தீர்த்ததையும் சொல்ல வேண்டும்.

அயலிலே இந்தியாவில், 1976 ஆம் ஆண்டு நெருக்கடி நிலையின்போது, ஆட்கொணர்வு மனுச் செய்யும் உரிமையே இல்லையென்று உச்ச நீதிமன்றத்தின் நால்வர் தீர்த்தனர். கன்னா என்னும் நீதியரசர் ஒருவர் மட்டும் மாறுபட்டார். 2017 இல் அதே நீதிமன்றம் அந்த நால்வரின் தீர்ப்பைத் தவறென்று நீக்கியது. கேரளத்திலே ராஜன் என்னும் பொறியியல் மாணவன் 1976 இல் பொலிசாரால் கொண்டு செல்லப்பட்டு மாண்டான். தந்தை ஈச்சரவாரியர் 1977 இல் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். மகன் திரும்பவில்லை, ஆனால் மறைத்த உண்மை வெளிவந்தது, முதலமைச்சர் கருணாகரன் பதவி துறந்தார். ஒரு தந்தையின் மனு ஒரு மந்திரிசபையை அசைத்தது.

நாம் செய்ய வேண்டியது யாது?

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி வைத்திருப்போம். ஒருவர் பிடிபட்டால் நாள், நேரம், வந்தவரின் பெயர், வாகன இலக்கம், கண்டவர் பெயர் அனைத்தையும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். “பிடிக்கவில்லை” என்ற மறுப்பை உடைக்கும் கருவி அந்தக் கொப்பியே.

இரண்டாவது, பொலிசு நிலையத்திலே முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டுப் பெறுவோம். சாதாரண சட்டத்தின்படி 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழான கைதாயின் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது பிடித்தவரின் கடமை. அறிவித்தாரா என்று நாமே ஆணைக்குழுவைக் கேட்போம்.

மூன்றாவது, ஒரு மாதம் என்னும் எல்லையை எல்லோரும் மனத்தில் பதிக்க வேண்டும். வழக்குக்குப் பணமில்லாதவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்க, 1990 ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளிலே இடமுண்டு. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவும் ஏழைகளுக்கென்றே இருக்கிறது.

நான்காவது, தமிழிலே வாசித்துக் காட்டப்படாத எந்தத் தாளிலும் கையொப்பம் இடுவதில்லை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம்.

இவை மக்கள் செய்ய வேண்டியவை. அரசாங்கத்திடம் நாம் கேட்பவையும் உண்டு. எந்த மாகாணத்திலே பிடித்தார்களோ அந்த மாகாணத்து மேல் நீதிமன்றம், கைதி எங்கே கொண்டு செல்லப்பட்டாலும் எழுத்தாணை வழங்கச் சட்டம் திருந்த வேண்டும். ஆட்கொணர்வு விசாரணைக்கு வாரக் கணக்கிலே எல்லை வேண்டும். குற்றச்சாட்டில்லாத நீண்ட தடுப்புக்காவல் அடியோடு ஒழிய வேண்டும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவோம் என்று வாக்களித்த அரசாங்கங்கள் பல. அந்த வாக்கை எண்ணி வைத்திருக்கும் மக்கள் நாம்.

இங்கே கூடியிருக்கும் சட்டத்தரணிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பெரும்பாலும் இந்த லயங்களிலிருந்தே படித்து மேலே வந்தவர்கள். மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒரு தோட்டத்துக்குக் கொடுங்கள். ஒரு சத்தியக்கடதாசி எழுதிக் கொடுங்கள். ஒரு பெயர்ப் பிழையைத் திருத்திக் கொடுங்கள். பிரேஸ்கேர்டிலுக்கு எச். வி. பெரேரா கிடைத்தார். நம் தொழிலாளிக்கு நீங்கள் கிடைக்க வேண்டும்.

எழுத்தாணை நீதிமன்றத்திலே இருக்கிறது. அதனை எழுப்பும் குரல் தோட்டத்திலிருந்து வர வேண்டும். அந்தக் குரல் ஒரு தாயின் குரலாகத் தனித்து நிற்காமல், ஒரு சமுதாயத்தின் குரலாக ஒலிக்கட்டும்.